எடைக்குப் போகும் இசைத்தட்டுக்கள்!

குற்றாலத்தில் சாரல் விழுந்தால் தென்காசிக்குக் கொண்டாட்டம். பேரருவியிலும் ஐந்தருவியிலும் கூட்டம் நெரியும். கடை வாசல்களில் பழங்கள் குவியும். பாட்டும் ஒலிக்கும். ஒரு காலத்தில் அந்தப் பாட்டு கூம்புக் குழாயில் இருந்து வந்தது. இன்று சட்டைப் பையில் இருக்கும் கைபேசியில் இருந்து வருகிறது.

குழாய் போய்விட்டது. அதோடு பாட்டும் போய்விட்டதா?

இந்தக் கேள்வி, தென்காசியில் ஒரு பழைய இரும்புக் கடை வாசலில் நின்றபோது எழுந்தது.

வயதான அம்மாள் ஒருவர் ஆட்டோவில் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டு வந்து இறக்கினார். பெட்டி நிறைய இசைத்தட்டுக்கள். அவருடைய கணவர் 'ரேடியோ செட்' வைத்துத் தொழில் நடத்தியவர். கல்யாண வீடு, சடங்கு வீடு, கோவில் கொடை எல்லாவற்றுக்கும் குழாய் கட்டிப் பாட்டுப் போட்டவர். அவர் காலமாகிவிட்டார். வீட்டை இடித்துக் கட்டுகிறார்கள். பெட்டியை வைக்க இடம் இல்லை.

"அண்ணாச்சி, இதுக்கு என்ன தருவீங்க?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

கடைக்காரர் ஒரு தட்டை எடுத்து விரலால் சுண்டிப் பார்த்தார்.

"இது இரும்பும் இல்லை, பிளாஸ்டிக்கும் இல்லை. உருக்கினாலும் ஒண்ணுக்கும் ஆகாது, அம்மா. வேணும்னா இந்த உறையை மட்டும் காகித எடைக்குப் போட்டுக்கிடுதேன்" என்றார்.

சட்டைக்கு விலை உண்டு. சட்டை போட்ட ஆளுக்கு விலை இல்லை என்பது போல இருந்தது!

பெட்டியை எட்டிப் பார்த்தேன். மேலே இருந்த கறுப்புத் தட்டு ஒன்றில் ஒரு பெயர் தெரிந்தது. எஸ்.ஜி.கிட்டப்பா.

செங்கோட்டைக் குரல்

கிட்டப்பா யார் என்று இளைஞர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். குற்றாலத்தில் இருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் உள்ள செங்கோட்டையில் 1906-ம் ஆண்டு பிறந்தவர். சிறு வயதிலேயே நாடக மேடை ஏறினார். 'மைக்' இல்லாத காலம் அது. கொட்டகையின் கடைசி வரிசையில் உட்கார்ந்தவனுக்கும் பாட்டுக் கேட்க வேண்டும். கிட்டப்பாவின் குரல் அங்கே போய்ச் சேர்ந்தது. கே.பி.சுந்தராம்பாளும் அவரும் சேர்ந்து நடித்தால் கொட்டகை கொள்ளாது.

1933-ம் ஆண்டு டிசம்பர் மாதம் கிட்டப்பா இறந்து போனார். அப்போது அவருக்கு வயது 27.

முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' வந்தது 1931-ம் ஆண்டு. கிட்டப்பா சினிமாவில் நடிக்கவில்லை. ஆகவே அவர் நடந்ததையும் நின்றதையும் நாம் பார்க்க முடியாது. பாடியதை மட்டும் கேட்கலாம். ஏன்? அவர் சில பாட்டுக்களைக் கிராமபோன் தட்டுக்களில் பாடி வைத்தார். சிலர் அந்தத் தட்டுக்களைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். அதனால்தான்.

யாரும் வைத்திராவிட்டால்? கிட்டப்பா என்பது வெறும் பெயராகப் போயிருக்கும். "பிரமாதமாகப் பாடுவாராம்" என்ற வாய்ச் சொல் மட்டும் மிஞ்சியிருக்கும்.

பூச்சி தந்த தட்டு

அந்தக் காலத்துத் தட்டு எதனால் ஆனது தெரியுமா? அரக்கால் ஆனது. மரக்கிளைகளில் ஒட்டி வாழும் சின்னஞ்சிறு பூச்சிகள் அந்த அரக்கைத் தருகின்றன. அரக்கு உற்பத்தியில் உலகத்துக்கே முன் நின்றது இந்தியா. அரக்கோடு கல்தூளைக் கலந்து, சூடாக்கி அழுத்தித் தட்டு செய்தார்கள்.

தட்டு நிமிடத்துக்கு ஏறக்குறைய 78 சுற்றுச் சுற்றும். ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகமாகத்தான் பாட முடியும். மேடையில் ஒரே பாட்டை விரித்து விரித்துப் பாடியவர்கள், தட்டுக்காக அதைச் சுருக்கிப் பாடினார்கள்.

இந்தியாவில் கிராமபோன் பதிவு தொடங்கியது 1902-ம் ஆண்டு. லண்டன் கம்பெனி ஒன்று கல்கத்தாவுக்கு ஆள் அனுப்பி, கவுகர் ஜான் முதலிய பாடகர்களைப் பதிவு செய்தது. பிறகு பல கம்பெனிகள் வந்தன. ஏவி.எம். ஸ்டூடியோவைப் பின்னாளில் நிறுவிய ஏ.வி.மெய்யப்பன், சினிமாவுக்கு வருவதற்கு முன் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் நடத்தி இசைத்தட்டு விற்றவர்தான். 'ஓடியன்' என்ற ஜெர்மன் கம்பெனியின் தட்டுக்கள் அவர் வழியாகத் தமிழ்நாட்டில் பரவின.

அரக்குத் தட்டு கீழே விழுந்தால் உடையும். 1948-ம் ஆண்டு அமெரிக்காவில் 'எல்.பி.' தட்டு வந்தது. அது உடையாது, அதிக நேரம் ஓடும். 1963-ல் கேசட் வந்தது. பிறகு 'சி.டி.' வந்தது. புதியது ஒன்று வரும்போதெல்லாம் பழையது பரணுக்குப் போயிற்று. பரணில் இருந்து பழைய இரும்புக் கடைக்குப் போயிற்று.

நம் ஊரில் மட்டும் இப்படி நடக்கவில்லை. எல்லா நாட்டிலும் இதே கதைதான். ஆனால் சில நாடுகளில் கதை வேறு விதமாக முடிந்தது.

இத்தாலியில் நடந்தது

'டிஸ்கோ' என்பது ஆட்டத்துக்கான பாட்டு. 'தும் தும்' என்று ஒரே சீரான தாளம் அதன் உயிர். 1970-களில் அமெரிக்காவில் பிறந்தது. இத்தாலியில் பிறந்த ஜியார்ஜியோ மொரோடர் என்பவர், மின்சாரத்தால் ஒலிக்கும் 'சிந்தசைசர்' கருவியை வைத்து 1977-ல் ஒரு பாட்டு அமைத்தார். டோனா சம்மர் என்ற அமெரிக்கப் பாடகி அதைப் பாடினார். உலகமே ஆடியது.

1980-களில் இத்தாலியில் சின்னச் சின்னக் கம்பெனிகள் இதே பாணியில் நூற்றுக்கணக்கான தட்டுக்களைக் கொண்டு வந்தன. பெரிய வாத்தியக் கோஷ்டி கிடையாது. ஒரு சிந்தசைசர், தானே தாளம் போடும் ஒரு எந்திரம், ஒரு பாடகர்; இவ்வளவுதான். பாட்டு ஆங்கிலத்தில் இருக்கும். பாடுகிறவருக்கு ஆங்கிலம் அரைகுறையாக வரும்!

சங்கீதம் தெரிந்தவர்கள் முகம் சுளித்தார்கள். "இது ஒரு பாட்டா?" என்று கேட்டார்கள். பத்து ஆண்டுகளுக்குள் அந்தப் பாட்டு மங்கிவிட்டது. தட்டுக்கள் மூலையில் கிடந்தன.

ஆனால் ஹாலந்திலும் வேறு நாடுகளிலும் சில இளைஞர்கள் அவற்றைத் தேடித் தேடி வாங்கினார்கள். பழைய கடைகளில் தூசியில் கைவிட்டுத் துழாவினார்கள். பிறகு சிறு கம்பெனிகள் தொடங்கி, உரிமையாளர்களைக் கண்டுபிடித்து, அனுமதி பெற்று மறுபதிப்புச் செய்தார்கள். நேற்று குப்பை என்று தள்ளியதை இன்று அதிக விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. எது காலத்தால் நிற்கும் என்பதை அந்தந்தக் காலத்து மனிதர்களால் சொல்ல முடிவதில்லை. நாடகப் பாட்டைக்கூட ஒரு காலத்தில் கச்சேரி ரசிகர்கள் மட்டமாக நினைத்தது உண்டு. பிறகு சினிமாப் பாட்டை அப்படி நினைத்தார்கள். பிறகு டிஸ்கோவை.

டெல்லிக் கடையில் புதையல்

இந்தியாவிலும் இந்த அதிசயம் நடந்திருக்கிறது.

பம்பாய் சினிமாவில் வாத்தியம் வாசித்தவர் சரண்ஜித் சிங். 1982-ம் ஆண்டு ஜப்பானில் செய்த மூன்று மின்னணுக் கருவிகளை வைத்துக்கொண்டு அவர் ஒரு வேலை செய்தார். பத்து இந்துஸ்தானி ராகங்களை எடுத்து, டிஸ்கோ தாளத்தில் வாசித்தார். கிராமபோன் கம்பெனி தட்டு வெளியிட்டது. வாங்குவார் இல்லை. தட்டு மறைந்தது.

இருபது ஆண்டுகள் கழிந்தன. 2002-ல் ஹாலந்துக்காரரான எடோ பௌமன், டெல்லியில் ஒரு பழைய கடையில் அந்தத் தட்டைக் கண்டெடுத்தார். கேட்டவர் திகைத்தார். 1980-களின் நடுவில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் பிறந்ததாகச் சொல்லப்பட்ட ஒரு இசைப் பாணி, அதற்குச் சில ஆண்டுகள் முன்பே பம்பாயில் ஒலித்திருந்தது! அவர் சரண்ஜித் சிங்கைத் தேடிப் போய்ச் சந்தித்தார். 2010-ல் தட்டு மறுபடி வெளிவந்தது. எழுபது வயதைக் கடந்த சரண்ஜித் சிங் ஐரோப்பாவுக்குப் போய் மேடையில் வாசித்தார். 2015-ல் காலமானார்.

கல்கத்தாவைச் சேர்ந்த ரூபா பிஸ்வாஸ் கதையும் இப்படித்தான். கனடாவுக்குப் போயிருந்தபோது அங்கே அவர் பாடிய 'டிஸ்கோ ஜாஸ்' என்ற தட்டு 1982-ல் வந்தது. போணி ஆகவில்லை. அவர் குடும்பத்தைக் கவனித்துக்கொண்டு அமைதியாக வாழ்ந்தார். வெளிநாட்டுக்காரர்கள் லட்சக்கணக்கில் அந்தப் பாட்டை இணையத்தில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பாடியவருக்கோ அது தெரியாது! மகன் பார்த்துச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. 2019-ல் அமெரிக்கக் கம்பெனி ஒன்று அதை முறைப்படி மறுபதிப்புச் செய்தது.

தமிழுக்கும் இந்த மரியாதை கிடைத்திருக்கிறது. இளையராஜா 1977 முதல் 1983 வரை மின்னணுக் கருவிகளை வைத்து அமைத்த சினிமாப் பாட்டுக்களைத் தொகுத்து, இங்கிலாந்துக் கம்பெனி ஒன்று 'சொல்லச் சொல்ல' என்ற பெயரில் வெளியிட்டது. பண்ணைப்புரத்தில் பிறந்தவரின் பாட்டை, தமிழ் ஒரு எழுத்தும் தெரியாத வெள்ளைக்காரர்கள் வாங்கிக் கேட்டார்கள்.

நம் அம்மாளின் பெட்டியிலும் அடியில் சில எல்.பி. தட்டுக்கள் இருந்தன. 1982-ல் வந்த 'சகலகலா வல்லவன்' அவற்றில் ஒன்று. எத்தனை சடங்கு வீட்டில் அது சுழன்றதோ!

யாருடைய சொத்து?

"அப்படியானால் நாமே மறுபதிப்புச் செய்யலாமே?" என்று கேட்கலாம். இங்கேதான் சிக்கல்.

பாட்டுக்கு ஒரே சொந்தக்காரர் இல்லை. எழுதியவர் ஒருவர். இசை அமைத்தவர் ஒருவர். பணம் போட்டுப் பதிவு செய்தவர் இன்னொருவர். 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒலிப்பதிவுக்கு உரிமை 60 ஆண்டுகள். அது வெளிவந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டில் இருந்து கணக்கு. பாட்டு எழுதியவருக்கும் இசை அமைத்தவருக்கும் உள்ள உரிமை தனி. அது அவர்கள் ஆயுள் முழுவதும் இருக்கும். இறந்த பிறகும் 60 ஆண்டுகள் அவர்கள் வாரிசுகளுக்கு இருக்கும்.

கிட்டப்பாவின் ஒலிப்பதிவுகள் 60 ஆண்டைத் தாண்டி வெகு காலம் ஆகிறது. ஆனால் 1982-ல் வந்த தட்டுக்கு 2042-ம் ஆண்டு வரை உரிமை உண்டு. இளையராஜா பாட்டுக்கள் யாருக்குச் சொந்தம் என்பது பற்றிச் சென்னை உயர்நீதிமன்றத்தில் பல ஆண்டுகள் வழக்கு நடந்ததை வாசகர்கள் அறிவார்கள்.

உரிமை வேண்டியதுதான். உழைத்தவனுக்குக் கூலி வேண்டும். கேட்காமல் எடுத்துப் பணம் பண்ணுவது திருட்டு. ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1980-களில் எத்தனையோ சிறு கம்பெனிகள் தட்டும் கேசட்டும் வெளியிட்டன. பல மூடப்பட்டுவிட்டன. உரிமை யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே கடினம். உரிமை உள்ளவர்களும், விற்காது என்று நினைத்தால் வெளியிட மாட்டார்கள். மற்றவர்கள் வெளியிடக் கூடாது.

இதற்கிடையில் நாடா சும்மா இருக்குமா? பூஞ்சை பிடிக்கிறது. ஒட்டிக்கொள்கிறது. சட்டம் 60 ஆண்டு பொறுக்கும். நாடா பொறுக்காது!

பழைய பாட்டுக்கு வியாபாரம் இல்லை என்றும் சொல்ல முடியாது. பழைய கிராமபோன் கம்பெனிதான் இன்று 'சரிகம' என்ற பெயரில் நடக்கிறது. அந்தக் கம்பெனி 2017-ல் 5,000 பழைய பாட்டுக்களை ஒரு ரேடியோப் பெட்டிக்குள் அடைத்து 'கேரவான்' என்று விற்றது. தாத்தா பாட்டிகளுக்குப் பேரப்பிள்ளைகள் வாங்கிக் கொடுத்தார்கள். அமெரிக்காவில் 2022-ல், 1987-க்குப் பிறகு முதல் முறையாக, சி.டி.யை விட இசைத்தட்டு அதிக எண்ணிக்கையில் விற்றது.

ஆனால் கம்பெனிகள் எதை மறுபதிப்புச் செய்கின்றன? ஏற்கனவே எல்லோருக்கும் தெரிந்த பாட்டை. தெரியாத பாட்டை, மறந்த பாட்டைக் காப்பாற்றுகிறவர்கள் சேகரிப்பவர்கள்தான். சென்னையில் வி.ஏ.கே.ரங்காராவ் பல்லாயிரம் இசைத்தட்டுக்களைச் சேர்த்தவர். பம்பாயில் 1990-ல் இசைத்தட்டுச் சேகரிப்போர் சங்கம் ஒன்று தோன்றியது. கோட்டையூர் ரோஜா முத்தையா தம் வீட்டில் சேர்த்து வைத்த புத்தகங்களும் பத்திரிகைகளும் நோட்டீசுகளும் சென்னையில் பெரிய ஆராய்ச்சி நூலகமாக ஆகிவிட்டன. கிராமபோன் தட்டுக்களையும் அங்கே காக்கிறார்கள்.

தட்டுக்கு வைத்தியம்

பழைய தட்டில் இருந்து பாட்டை எப்படி மீட்கிறார்கள்? முதலில் மூல நாடா இருக்கிறதா என்று தேடுவார்கள். அது இல்லை என்றால், தேயாத தட்டு ஒன்றைத் தேடுவார்கள். தட்டைக் கழுவுவார்கள். 78 சுற்றுத் தட்டின் பள்ளம் அகலமானது, எல்.பி. தட்டின் பள்ளம் மெல்லியது. அதனதன் பள்ளத்துக்கு ஏற்ற ஊசி வேண்டும். சுற்றும் வேகம் சரியாக இருக்க வேண்டும். கொஞ்சம் கூடினாலும் ஆண் குரல் பெண் குரல் மாதிரி கீச்சென்று ஆகிவிடும்.

பிறகு ஓசையைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, 'கரகர' சத்தத்தைக் குறைப்பார்கள். இங்கே கைப்பக்குவம் வேண்டும். அளவுக்கு மீறித் துடைத்தால் கரகரப்போடு குரலின் ஜீவனும் போய்விடும். அரிசியில் கல் பொறுக்கலாம்; கல்லோடு அரிசியையும் கொட்டிவிடக் கூடாது.

நீங்கள் செய்ய வேண்டியது

உங்கள் வீட்டுப் பரணில் தட்டு இருக்கிறதா? இவற்றைக் கவனியுங்கள்.

தட்டுக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். புத்தகம் போல நிறுத்தி வையுங்கள். வெயிலும் ஈரமும் படக்கூடாது. குற்றாலச் சாரல் நம் உடம்புக்கு நல்லது. இசைத்தட்டுக்கும் கேசட்டுக்கும் ஆகாது.

கறுப்பு அரக்குத் தட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கவே கூடாது. அரக்கு ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். தட்டோடு பாட்டும் கரைந்துவிடும்.

கேசட்டை ஒலிபெருக்கிப் பெட்டியின் பக்கத்தில் வைக்காதீர்கள். அதில் உள்ள காந்தம் நாடாவில் பதிந்ததைக் கெடுக்கும்.

தட்டின் நடுவில் உள்ள வட்டக் காகிதத்தைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். கம்பெனி பெயர், எண், பாடியவர் பெயர் அதில் இருக்கும். உறையையும் எறியாதீர்கள், அதுவும் சரித்திரம்தான். ஒரு நோட்டில் பட்டியல் எழுதுங்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளையிடம் கொடுத்தால் ஒரு விடுமுறையில் முடித்துவிடுவான். விற்பதானாலும், கொடுப்பதானாலும், பட்டியல் இருந்தால்தான் மதிப்புத் தெரியும்.

சர்க்காரும் இதில் ஒரு வேலை செய்யலாம். 2019-ம் ஆண்டு நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆயிற்று. செங்கோட்டையும் குற்றாலமும் அந்த மாவட்டத்தில்தான் இருக்கின்றன. மாவட்டத்தின் நூலகம் ஒன்றில் ஓர் அறை ஒதுக்கி, ஒரு நல்ல தட்டுப் பெட்டியும் கம்ப்யூட்டரும் வைத்தால் போதும். கொண்டு வருகிறவர்களின் தட்டைப் பிரதி எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடலாம். இதற்குக் கோடிகள் வேண்டாம். ரசிகமணி டி.கே.சி. குடியிருந்து பாட்டை ரசிக்கச் சொல்லிக் கொடுத்த ஊர் குற்றாலம். அதன் பக்கத்தில் இப்படி ஒரு அறை இருப்பது பொருத்தம் அல்லவா?

பெட்டி என்ன ஆயிற்று?

இரும்புக் கடை வாசலுக்குத் திரும்புவோம்.

"இவர் செங்கோட்டைக்காரர், அம்மா. 27 வயதில் செத்துப்போனவர். இந்தத் தட்டுக்களில்தான் அவர் குரல் இருக்கிறது" என்று சொன்னேன்.

அந்த அம்மாள் தட்டை வாங்கிப் பார்த்தார். முந்தானையால் தூசியைத் துடைத்தார்.

"எங்க வீட்டுக்காரரு இதை யாரு கேட்டாலும் கொடுக்க மாட்டாரு. கல்யாண வீட்டுக்குக்கூடக் கொண்டு போக மாட்டாரு. ராத்திரி தனியா உட்கார்ந்து போட்டுக் கேப்பாரு. ஏன்னு எனக்கு அப்போ விளங்கலை" என்றார்.

ஆட்டோக்காரர் அவசரப்பட்டார். தூறல் விழ ஆரம்பித்தது. அந்த அம்மாள் பெட்டியை மறுபடி ஆட்டோவில் ஏற்றச் சொன்னார்.

"போட்டுக் கேக்கிறதுக்கு வீட்டிலே பெட்டி இருக்கா, அம்மா?" என்று கேட்டேன்.

"அதைப் போன மாசமே எடைக்குப் போட்டாச்சு" என்றார்.